ஈரமும் இல்லமும்: இறக்கக்கண்டிக் கரையோரத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

வீடு பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் முற்றத்தையும் திண்ணையையுமே நோக்கி வந்துள்ளன. மண்ணுள் மறைந்திருக்கும் அத்திவாரம் போதிய கவனம் பெற்றதில்லை. மனித உழைப்பு இயற்கையோடு நேர்நின்று பொருதும் இடம் அதுவேயாதலால், அதனை இங்கு ஆராய முனைகின்றோம்.

திருகோணமலை - புல்மோட்டை வீதியில், நிலாவெளிக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் அருகே அமைந்தது இறக்கக்கண்டி. இத்தகைய தாழ்ந்த மணற்கரையில் நிலத்தடி நீர் மேற்பரப்பை அண்மித்தே நிற்கும். வடகீழ்ப் பருவமழையில் மேலும் உயரும். எனவே குளிர்நாடுகளில் நிலவறைச் சுவர் எதிர்கொள்ளும் சிக்கலை இங்குத் தரைமேல் எழும் சுவரே எதிர்கொள்ள நேர்கின்றது.

கல்லிலும் சாந்திலுமுள்ள நுண்துளைகளின் வழியே, மயிர்த்துளைக் கவர்ச்சியால் நீர் மேலேறுகின்றது. அதில் கரைந்த உப்பு, நீர் ஆவியாகுமிடத்தில் பளிங்காகி, பூச்சினை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கின்றது. ஈரச் சுவரின் மீது சீமெந்து பூசுவதால் ஈரம் நீங்காது. வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புச் சாந்தோ ஈரம் ஆவியாக இடமளிக்கும். மரச்சட்டகத்தின் நிலையும் இத்தகையதே. மரத்தின் ஈரப்பதன் ஏறத்தாழ 20 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பற்றுகின்றது. நீரும் காற்றும் ஒருங்கே கிட்டும் நிலமட்டத்திலேயே நட்ட கப்பு முதலில் உக்குகின்றது.

பரிகாரம் அறியப்படாததன்று. அத்திவாரத்தை உயர்த்துதல், அதன் தலைப்பில் தார் பூசிய செறிந்த சாந்தாலோ தடித்த பொலித்தீனாலோ இடைவெளியற்ற ஈரத்தடைப் படை இடுதல், கப்புகளைக் கற்பீடத்தின் மேல் நிறுத்துதல், சுவர் உலர்ந்த பின்னரே பலகை அடித்தல், சுவருக்கும் பலகைக்குமிடையே காற்றோட்டம் விடுதல் என்பன இதன் ஒழுங்கு. ஊற்றைத் தடுத்த பின்னரே மூடவேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

அவ்வாறாயின் கரையோர வீடுகள் பல ஏன் ஈரத்தில் நிற்கின்றன? அத்திவாரம் பெயர்த்துச் செல்லவியலாத முதலீடு. தகரமோ கழற்றிச் செல்லத்தக்கது. 1983 முதல் 2009 வரையிலான போர் இப்பிரதேச மக்களை மீண்டும் மீண்டும் இடம்பெயர்த்தது. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின்னர், வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீள்கட்டுமானம் தடுக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் அத்தூரம் 100 மீற்றர். இவ்விதி பிற்பாடு தளர்த்தப்பட்டதெனினும், நாளை இந்நிலம் தனதாயிருக்குமா என ஐயுறும் மீனவர் தம் சொற்ப சேமிப்பை மண்ணுள் புதைக்கத் துணியார்.

ஆகவே ஈரச்சுவரை மக்களின் அறியாமைக்குச் சான்றாகக் காட்டுவோர், சுவரின் மேற்பூச்சினை மட்டுமே கண்டவராவர். ஈரத்தடைப் படைக்கும் கீழே இடப்பட வேண்டிய முதற்படை நில உரிமையே என்பது எமது துணிபு.