சிறந்த ஆட்டக்காரர் யார்?

கூடைப்பந்தாட்டத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது எளிது. பந்து வளையத்துள் வீழ்ந்ததா இல்லையா என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆட்டம் முடியும்போது புள்ளிப் பலகையில் எவரது எண்ணிக்கை மிகுந்திருக்கிறதோ அவரே வென்றவர். ஆனால், களத்தில் நின்ற பலருள்ளும் தலைசிறந்தவர் யார் என்னும் வினா எழும்போது அப்பலகை வாய்மூடி விடுகிறது. மனிதர் பேசத் தொடங்குகின்றனர். மனிதர் பேசத் தொடங்கும் இடத்தில் நீதியும் பேசலாம். விருப்பு வெறுப்பும் நீதியின் குரலிலே பேசலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு, ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிக் கூடைப்பந்து உலகில் 1969ஆம், 1970ஆம் ஆண்டுகளில் எழுந்த ஒரு பரிசு வழக்கு நல்ல பாடமாக அமைகின்றது.

1891ஆம் ஆண்டின் இறுதியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர் மண்டபத்தினுள் ஆடுவதற்கென வகுத்த விளையாட்டே கூடைப்பந்தாட்டம். ஓர் ஆசிரியரின் சிந்தையிற் பிறந்த இவ்விளையாட்டு, அந்நாட்டின் கல்லூரிகளிலேயே செழித்து வளர்ந்தது. கல்லூரிகள் பல கூடிச் சங்கங்கள் அமைத்துத் தமக்குள் ஆண்டுதோறும் பொருதுவது அங்கு வழக்கம். அவற்றுள் ஒன்று 1953இல் தோன்றிய அத்திலாந்திக் கரையோரச் சங்கம். மேரிலாந்து, வேர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த எட்டுக் கல்லூரிகள் அந்நாளில் அதில் அங்கம் வகித்தன. முதலில் லீக் ஆட்டங்கள். பின்னர் தோற்றவர் உடனே விலகும் முறையிலான சுற்றுப்போட்டி. அச்சுற்றுப்போட்டியில் வென்ற அணியொன்றே தேசியப் போட்டிக்குச் செல்லும் உரிமை பெற்றது. பருவ முடிவில், விளையாட்டுப் பத்திரிகையாளர் வாக்களித்து ‘ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்’ ஒருவரைத் தெரிவு செய்தனர். 1954ஆம் ஆண்டு முதல் அப்பரிசு வழங்கப்பட்டு வருகிறது.

நமது வழக்கின் நாயகர் இருவர். ஒருவர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துச் சாளி ஸ்கொட். மற்றவர் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்து ஜோன் ரோச். இருவரும் நியூயோர்க் நகரில் வளர்ந்து, தெற்கே படிக்கச் சென்றவர். ஸ்கொட்டின் பயிற்சியாளர் டீன் ஸ்மித். ரோச்சின் பயிற்சியாளர் பிராங் மக்குவயர். இந்த மக்குவயரே முன்னர் வட கரோலினாவின் பயிற்சியாளராய் இருந்து, 1957இல் முப்பத்திரண்டு ஆட்டங்களில் ஒன்றையேனும் தோற்காது அப்பல்கலைக்கழகத்துக்குத் தேசிய வெற்றியை ஈட்டித் தந்தவர். ஸ்மித்தோ அவருக்குத் துணைவராய் இருந்து, 1961இல் அவரது ஆசனத்தில் அமர்ந்தவர். ஊரும் ஒன்று, பயிற்சி மரபும் ஒன்று. வேறுபாடு ஒன்றே. ரோச் வெள்ளையர், ஸ்கொட் கறுப்பினத்தவர்.

அவ்வேறுபாடு அன்று சிறியதன்று. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையர்க்கென ஒதுக்கிய உணவு மேடையிற் கறுப்பின மாணவர் நால்வர் அமர்ந்து அறப்போர் தொடங்கியது 1960ஆம் ஆண்டில். அதன்பின் ஆறு ஆண்டுகள் கழிந்து ஸ்கொட் அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவரானார். விளையாட்டுக்கான புலமைப்பரிசில் பெற்று அங்கு நுழைந்த முதற் கறுப்பின மாணவர் அவரே. வெறும் ஆட்டக்காரராக அன்றி, தாம் முன்பு படித்த லோரின்பேர்க் பாடசாலையில் வகுப்பின் முதல் மாணவராகத் தேறி வந்தவர். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் ஆடித் தங்கப்பதக்கமும் பெற்றார். ஆயினும் அயலூர்க் களங்களில் அவர் தோலின் நிறத்தைச் சுட்டி எழுந்த வசைமொழிகளை அப்பதக்கம் அடக்கவில்லை.

இனி 1969ஆம் ஆண்டின் கணக்கைப் பார்ப்போம். லீக் ஆட்டங்களில் ஸ்கொட்டின் வட கரோலினா பன்னிரண்டில் வென்று இரண்டில் தோற்று முதலிடம் பெற்றது. ரோச்சின் தென் கரோலினா பதினொன்றில் வென்று மூன்றில் தோற்றது. சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் வட கரோலினா டியூக் பல்கலைக்கழகத்தை எதிர்த்தது. இடைவேளையின்போது பின்தங்கியிருந்த தம் அணியை ஸ்கொட் தனியே தூக்கி நிறுத்தினார் எனலாம். அவர் அன்று பெற்ற புள்ளிகள் 40. அவற்றுள் 28 இடைவேளைக்குப் பின் பெற்றவை. 85க்கு 74 என்ற கணக்கில் வட கரோலினா வாகை சூடியது. எனினும் பருவம் முழுவதையும் கூட்டிச் சராசரி கண்டால் ரோச் ஆட்டமொன்றுக்கு 23.6 புள்ளிகளும், ஸ்கொட் 22.3 புள்ளிகளும் பெற்றிருந்தனர். பரிசு ரோச்சுக்கு வழங்கப்பட்டது.

இரண்டாம் ஆண்டு மாணவரான ரோச்சுக்கு அதுவே முதற் பருவம். அத்தகைய இளைஞர் ஒருவர் சங்கம் முழுவதையும் வியக்கச் செய்தமை பாராட்டுக்குரியதே. ஆகையால் இத்தீர்ப்பை மட்டும் கொண்டு எவரையும் குறைகூற இயலாது. ஆனால் வாக்குச்சீட்டுகளில் வேறொரு செய்தி மறைந்திருந்தது. வாக்களித்தோருள் ஐவர், சங்கத்தின் தலைசிறந்த ஐவரைக் கொண்ட முதலணியிலேயே ஸ்கொட்டின் பெயரைச் சேர்க்கவில்லை. அவரை இரண்டாமவர் என்றாலும் விவாதத்துக்கு இடமுண்டு. முதல் ஐவருள்ளும் அடங்காதவர் என்று கூற எந்த ஆட்டத்தைக் கண்டனரோ! ஸ்கொட் மனம் நொந்தார். அடுத்து வந்த தேசியப் போட்டிகளில் ஆடாது விலகிவிடலாமா என்றும் எண்ணினார். துணைப் பயிற்சியாளர் ஜோன் லொட்ஸ் அவரைத் தேற்றினார். ஸ்கொட் களமிறங்கினார், டேவிட்சன் கல்லூரிக்கு எதிரான ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் அவர் எறிந்த பந்தே 87க்கு 85 என வெற்றியை நாட்டித் தம் அணியைத் தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக்கியது.

அடுத்த ஆண்டு கணக்கு முற்றாகத் தலைகீழானது. 1970இல் ஸ்கொட்டின் சராசரி 27.1 புள்ளிகளாக உயர்ந்தது. ரோச்சின் சராசரி 22.3 ஆகக் குறைந்தது. ஆனால் தென் கரோலினா லீக் ஆட்டங்கள் பதினான்கிலும் வென்றது. வட கரோலினாவோ ஒன்பதில் வென்று ஐந்தில் தோற்றது. சுற்றுப்போட்டியில் ரோச் கணுக்கால் நோவுடன் ஆட, அவரது அணி இறுதியாட்டத்தில் இரு முறை நேரம் நீடித்த பின் வட கரோலினா மாநிலக் கல்லூரியிடம் 42க்கு 39 எனத் தோற்றது. வட கரோலினாப் பல்கலைக்கழகமோ முதலாட்டத்திலேயே வேர்ஜீனியாவிடம் வீழ்ந்திருந்தது. இம்முறையும் பரிசு ரோச்சுக்கே.

இவ்விடத்தில் வாசகர் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1970இன் தீர்ப்பை ஆதரிப்போர் கூறக்கூடிய காரணம் யாது? ‘புள்ளிக் குவிப்பு ஒரு பொருட்டன்று, அணியை வெற்றிக்கு இட்டுச் செல்பவரே சிறந்தவர்’ என்பது. நல்ல காரணம். ஆனால் அக்காரணம் மெய்யாயின் 1969இல் பரிசு ஸ்கொட்டுக்கு உரியது. லீக் முதலிடமும் சுற்றுப்போட்டி வெற்றியும் அவரது அணிக்கே அமைந்தன. 1969இன் தீர்ப்பை ஆதரிப்போர் கூறக்கூடிய காரணம் யாது? ‘அணியின் வெற்றி பலருக்கும் பொது; தனி ஒருவரின் ஆற்றலைப் புள்ளிச் சராசரியே காட்டும்’ என்பது. அதுவும் நல்ல காரணமே. ஆனால் அது மெய்யாயின் 1970இல் பரிசு ஸ்கொட்டுக்கு உரியது.

மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. தம் அணியின் சுமையை மிகுதியாகத் தாங்கியவர் எவர் என்று பார்க்க வேண்டும் என்பர் சிலர். 1969இல் ஸ்கொட்டுக்குப் பக்கத்துணையாக பில் பன்டிங், ரஸ்ரி கிளார்க், டிக் குரூபர் ஆகிய முதிர்ந்த வீரர் நின்றனர். ஆகவே ரோச்சின் சுமையே பெரிது என வாதிடலாம். ஏற்றுக்கொள்வோம். ஆனால் அம்மூவரும் அவ்வாண்டுடன் கல்லூரி வாழ்வை முடித்துச் சென்றனர். 1970இல் இளையோரை வைத்துக்கொண்டு சுமையெல்லாம் தாங்கியவர் ஸ்கொட். அனுபவம் முதிர்ந்த தோழருடன் ஆடியவர் ரோச். இக்கோலால் அளந்தாலும் ஆளுக்கொரு பரிசே கிடைக்கிறது.

இதுவே இவ்வழக்கின் உயிர்நிலை. மூன்று கோல்களுள் எந்த ஒன்றை எடுத்து இரு பருவங்களையும் அளந்தாலும், ஓராண்டு ரோச்சும் ஓராண்டு ஸ்கொட்டும் பரிசு பெறுகின்றனர். இரண்டு பரிசும் ஒருவர்க்கே சேர வேண்டுமாயின், இடையிற் கோலை மாற்றினால் அன்றி இயலாது. ஓராண்டுக்குள் அக்கோல் மாறியது. மாறியபோதெல்லாம் ஒரே மனிதருக்கு எதிராகவே சாய்ந்தது.

இதனைக் கொண்டு வாக்களித்த ஒவ்வொருவரும் நிறவெறி பிடித்தவர் என முடிவு கட்டுதல் தகாது. பிறர் நெஞ்சைத் திறந்து பார்க்கும் வித்தை எவர்க்கும் வாய்த்ததன்று. ஆண்டுதோறும் புதிதாய்ச் சிந்தித்து நேர்மையுடனே ரோச்சுக்கு வாக்களித்தோரும் இருந்திருத்தல் கூடும். கணக்கிற் சேராத நுட்பங்களும் ஆட்டத்தில் உண்டு. எதிரியை மறித்தல், தோழர்க்குப் பந்தூட்டல், நெருக்கடியில் நிதானம் இவற்றையெல்லாம் கண்ணால் கண்டே மதிப்பிட வேண்டும். ஆனால் காரணம் எதுவாயினும் அது அளவுகோலாக முன்வைக்கப்படாதபோது, நேர்மையாளரின் வாக்கும் பகையாளரின் வாக்கும் ஒரே முகத்துடன் பெட்டிக்குள் விழுகின்றன. பெட்டியைத் திறந்தபின் இது அது எனப் பிரித்தறிய எவராலும் முடியாது. ஓரவஞ்சனைக்கு இதனினும் நல்ல மறைவிடம் வேறில்லை. ‘இவன் எனக்கு வேண்டாதவன்’ என்று அது ஒருபோதும் உரைப்பதில்லை. இவ்வாண்டு ‘சராசரி’ என்கிறது, மறு ஆண்டு ‘அணியின் வெற்றி’ என்கிறது.

ஜோன் ரோச்சின் மீது இதிற் பழி சுமத்துதல் பெரும் பிழை. அவர் பரிசை இரந்து பெற்றவரல்லர். தம் ஆற்றலெல்லாம் திரட்டி ஆடினார். மெய்யாகவே, கோல் மாறும் தீர்ப்பு தோற்றவர்க்கு இழைக்கும் தீங்கோடு நின்றுவிடுவதில்லை. வென்றவரது புகழிலும் ஓர் ஐயத்தைப் படரவிடுகிறது. நேரிய முறையில் ஒரு பரிசு பெற்றிருப்பின் ரோச்சின் பெயர் வழக்கின்றி விளங்கியிருக்கும். இரண்டையும் அளித்தவர்கள், அவற்றுள் ஒன்றன் பெறுமதியை அவரிடமிருந்தே பறித்துவிட்டனர்.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்க்கு இவ்வுண்மை புதிதன்று. புள்ளித் திட்டம் வகுத்த பின்னரே தாளைக் கையில் எடுப்பது நல்லாசிரியர் மரபு. மாணவனின் பெயரைப் பார்த்த பின் திட்டம் வகுப்பாராயின், அழகிய கையெழுத்து ஒருவனுக்குப் புள்ளியாகும். மற்றவனுக்கு ‘கையெழுத்தா முக்கியம், கருத்தல்லவா?’ என்ற கேள்வியாகும். இலக்கியப் பரிசு வழங்கும் குழுவினர்க்கும் இது பொருந்தும். ஒரு நூலுக்குப் பரிசு தரும்போது ‘நடைச் சிறப்பு’ என்றும், அதே நடைச் சிறப்புடைய மற்றொரு நூலை மறுக்கும்போது ‘சமுதாயப் பயன் இல்லை’ என்றும் கூறும் குழு, நூலைப் படிக்கவில்லை, நூலாசிரியரைப் படித்திருக்கிறது. ஆகவே பரிசளிப்போர் செய்ய வேண்டுவன மூன்று: பெயர்கள் முன்வருவதற்கு முன்னரே கோலை அறிவித்தல், தீர்ப்புடன் அதன் காரணத்தையும் வெளியிடுதல், அடுத்த ஆண்டு தீர்ப்பு வழங்குமுன் சென்ற ஆண்டின் காரணத்தை எடுத்துப் படித்துப் பார்த்தல். இம்மூன்றனுள் கடைசியே மிகக் கடினமானது. மிக அவசியமானதும் அதுவே.

பின் நடந்தவற்றையும் கூறுதல் முறை. 1971இல் வேக் பொரெஸ்ற் பல்கலைக்கழகத்துச் சாளி டேவிஸ் அப்பரிசைப் பெற்றார். அதனைப் பெற்ற முதற் கறுப்பின ஆட்டக்காரர் அவரே. அவரது அணி லீக் முதலிடமும் பெறவில்லை; சுற்றுப்போட்டியிலும் வெல்லவில்லை. அச்சுற்றுப்போட்டியில் வென்றது ரோச்சின் தென் கரோலினா. அவ்வாண்டு கோல் மீண்டும் தனியாற்றலின் பக்கம் திரும்பியது போலும்! 1973 முதல் 1975 வரை மூன்று ஆண்டுகளும் டேவிட் தொம்சன் என்னும் மற்றொரு கறுப்பின வீரர் அதனைத் தொடர்ந்து வென்றார். ஸ்கொட் தொழில்முறை ஆட்டத்திற் புகுந்து, 1976இல் பொஸ்ரன் அணியுடன் வாகை சூடினார். 2018ஆம் ஆண்டில் நெய்ஸ்மித்தின் பெயரால் அமைந்த புகழ் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது.

ஸ்கொட்டின் பெருமை அப்பரிசில் தங்கியிருக்கவில்லை என்பதை இவை காட்டும். அதனால் இழப்பொன்றும் இல்லை என்று ஆறுதல் கொள்வோரும் உளர். ஆனால் இருபது இருபத்தொரு வயதில், தன் கூட்டத்தில் முதல்வனாய்த் தனித்து நின்ற ஒரு மாணவன் கேட்டது பெருமையன்று. தன்னையும் மற்றவனையும் ஒரே கோலால் அளக்க வேண்டும் என்பதையே. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்த கௌரவம் அவர் புகழுக்கு அணியாகலாம்; 1969ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டுகளுக்கு அது விடையாகாது. பரிசுப் பட்டியலில் இன்றும் 1969க்கு எதிரேயும் 1970க்கு எதிரேயும் ஒரே பெயர்தான் காணப்படுகிறது. பட்டியல் முடிவை மட்டுமே சொல்லும். எந்தக் கோலால் அளந்தனர் என்பதை அது சொல்வதில்லை. அதைக் கேட்பது நம் கடமை.