போல்ட் லூஸானதா, லூஸாக விட்டானா?

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஓர் உதிரிபாக ஆலை. ஷிப்ட் மாறும் நேரத்தில், சரியாக முறுக்கப்படாத போல்ட் ஒன்று லைனில் அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். "டார்க் (முறுக்கு விசை) கம்மியாயிடுச்சு சார்" என்பான் வேலை பார்த்த பையன். "கம்மியா விட்டுட்டான்" என்பார் சூப்பர்வைசர். வாடிக்கையாளருக்குப் போகும் ஆங்கிலப் படிவத்தில் முதல் வாக்கியம் 'அக்கர்டு' (நேர்ந்தது) என்று முடியும்; இரண்டாவது 'ஆபரேட்டர் எரர்' ஆகும். போல்ட் ஒன்றுதான். ஆனால் முதல் வாக்கியம் நம்மை மெஷினிடம் அனுப்புகிறது, இரண்டாவது ஆளிடம்.

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான். பிரச்சினை கிளம்பியது, கிளப்பினான். கண்ணாடி உடைந்தது, உடைத்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பிரேக்' ஒன்றே போதும். தமிழிலோ வாயைத் திறக்கும்போதே வினையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இந்தத் தேர்வு கேட்பவர் மனத்தையே மாற்றும். 2010இல் ஃபாசி, போரோடிட்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள், உணவகத்தில் ஒரு பெண்ணின் மேசையில் நடந்த தீவிபத்துக் கதையை இரண்டு விதமாக எழுதிப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்றில் கைத்துணி தீப்பற்றியது. மற்றதில் அந்தப் பெண் அதைப் பற்றவைத்தார். நடந்தது ஒரே விபத்துதான். ஆனால் 'பற்றவைத்தார்' என்று படித்தவர்கள் அவர்மீது அதிகப் பழி சுமத்தினார்கள்; அதிக இழப்பீடும் கட்டச் சொன்னார்கள்.

படிவத்தில் இன்னொரு கட்டம் உண்டு: ரூட் காஸ். ரூட் என்றால் வேர். அதைத் தோண்டும் வழியை டொயோட்டாவின் டைச்சி ஓனோ ஓர் உதாரணத்தில் காட்டினார். மெஷின் நின்றது. ஏன்? சுமை கூடி ஃப்யூஸ் போனது. ஏன்? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே புகுந்தது. ஐந்து கேள்வியிலும் ஓர் ஆளின் பெயர்கூட இல்லை. கடைசியில் மாட்ட வேண்டியது ஒரு வடிகட்டி.

முதல் கேள்விக்கே "ஆபரேட்டர் கவனிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் தோண்டுவது அங்கேயே நின்றிருக்கும். "கம்மியாயிடுச்சு" என்பதோடு விட்டாலும் அப்படித்தான்.

ஆகவே லைனில் நிற்கும் தம்பி, தங்கைகளே, முதல் வரியில் பார்த்ததை மட்டும் தமிழிலேயே சொல்லுங்கள்: எந்த போல்ட், எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்கு. பிறகு "ஏன்" என்று கேளுங்கள். ஆங்கிலம் கடைசியில் வரட்டும்.