தாய்ப்பலகையை எடைபோடுவது எப்படி?

கணிப்பொறி விளையாட்டில் ஆர்வமுள்ள மேல்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தான். ‘இருபது ஃபேஸ், ஒவ்வொன்றும் 90 ஆம்பியர்’ என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. “சார், மஞ்சள் விற்ற பணத்தில் அப்பா வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இந்த மதர்போர்டைப் போட்டால் விளையாட்டு வேகமாக ஓடுமா?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. விடை விளம்பரத் தாளில் இல்லை; நீங்கள் படிக்கும் இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது.

கடையில் மதர்போர்டு என்று கேட்கும் பொருளைத் தமிழில் தாய்ப்பலகை என்கிறோம். செயலி, நினைவகம், படங்களைத் தீட்டும் கிராபிக்ஸ் கார்டு ஆகியவை இதன்மேல் அமர்கின்றன. கணக்குப் போடுவது தாய்ப்பலகை அன்று. அது செய்யும் முக்கிய வேலைகள் இரண்டு: மின்சாரத்தைப் பக்குவமாக வழங்குதல், செய்திகளைப் பிழையின்றிக் கொண்டு சேர்த்தல். இவ்விரண்டையும் சோதித்துப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு, 2021-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஏசஸ் நிறுவனத்தின் ‘மாக்சிமஸ் இசட்690 ஹீரோ’ என்னும் உயர்ரகப் பலகையை எடுத்துக்கொள்வோம்.

பைகாராவும் பலகையும்

இப்பலகையில் பொருத்தத்தக்க இன்டெல் கோர் ஐ9-12900கே செயலி, முழு வேகத்தில் 241 வாட் வரை மின்திறன் கொள்ளும். ஆனால் அது ஏற்கும் மின்னழுத்தமோ ஏறத்தாழ 1.2 வோல்ட்தான். 241-ஐ 1.2-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 200 ஆம்பியர் வருகிறது! நம் வீட்டு மிக்சி எடுத்துக்கொள்வது சில ஆம்பியர்களே.

இந்த 200 ஆம்பியரை மின்வழங்கிப் பெட்டியிலிருந்து கம்பி வழியே அனுப்பினால் என்ன ஆகும்? கம்பியின் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். இழப்பு, மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கிய தொகை. அதாவது 40 வாட் வீணாகும். அதோடு 1.2 வோல்ட்டில் 0.2 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். அதையே 12 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 20 ஆம்பியர். இழப்பு வெறும் 0.4 வாட். நூறில் ஒரு பங்கு!

இது கோவைக்குப் புதிய பாடம் அன்று. 1932-இல் இயங்கத் தொடங்கிய பைகாரா மின்நிலையம் நீலகிரியிலிருந்து மின்சாரத்தை உயர் அழுத்தத்தில்தான் சமவெளிக்கு அனுப்பியது. இன்றும் உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்தான் 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு 230 வோல்ட் தருகிறது. பயன்படுத்தும் இடத்துக்கு அருகில் கொண்டுவந்து அழுத்தத்தைக் குறைப்பதே சிக்கனம். தாய்ப்பலகையும் செயலிக்கு அருகிலேயே 12 வோல்ட்டை 1.2 ஆகக் குறைக்கிறது.

ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் நேர்மின்னோட்டத்தில் வேலை செய்யாதே! ஆகவே வேறோர் உபாயம். டிரான்சிஸ்டர் சாவி ஒன்று நொடிக்குப் பல லட்சம் தடவை திறந்து மூடுகிறது. மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மின்சாரத்தை விட்டால் சராசரி 1.2 வோல்ட். விட்டுவிட்டு வரும் ஓட்டத்தைக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சீராக்குகின்றன.

கவலை இறைப்பு

இங்கேதான் ‘ஃபேஸ்’ வருகிறது. நம் கொங்கு நாட்டுக் கிணறுகளில் முன்பு மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். ஒரே கவலை என்றால் வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டுப் பாயும். இரண்டு கவலைகளை மாற்றி மாற்றி ஓட்டினால் ஏறக்குறைய சீராகப் பாயும். மாடுகளுக்கும் சுமை பாதி. பலகையின் ஃபேஸ்களும் இப்படித்தான் முறைபோட்டு உழைக்கின்றன.

நம் பலகையில் இருபது சாவித் தொகுதிகள். 200 ஆம்பியரைப் பங்கிட்டால் ஒன்றுக்குப் பத்து ஆம்பியர்தான். அவற்றின் உச்சவரம்பு 90 ஆம்பியர், மொத்தம் 1,800! இவ்வளவையும் எந்தச் செயலியும் கேட்கப்போவதில்லை. மேலும் இப்பலகையில் தொகுதிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் இயங்குகின்றன. ஆகவே இருபது என்ற எண்ணிக்கை இருபது முறைகளைக் குறிப்பதில்லை.

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. பத்துத் தொகுதிகளாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 20 ஆம்பியர் ஓடும். மின்தடையால் எழும் மொத்த வெப்பம் இருமடங்காகும். கனமான செயலியை மணிக்கணக்கில் உழைக்கவைப்பவருக்கு இது தேவை. 65 வாட் செயலி வைத்திருப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

இன்னொன்று. வெப்பச்சிதறல் பட்டை, அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதே கணக்கு. 22 டிகிரி குளிர்சாதன அறையில் 60 காட்டிய பலகை, சித்திரை மாதத்து ஈரோட்டில் 38 டிகிரி அறையில் ஏறத்தாழ 76 காட்டும். ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாம்பு போன்ற கோடுகள்

பலகையை உற்றுப் பாருங்கள். நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே சில செம்புக் கோடுகள் பாம்பு போல நெளிந்து செல்லும். அழகுக்காகவா? இல்லை. நொடிக்கு 600 கோடித் துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு நொடியை 600 கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு நேரமே உண்டு. பலகையில் மின்துடிப்பு ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் செல்லும். அந்த நேரத்துக்குள் அது கடப்பது சுமார் இரண்டரை செ.மீ.தான்! ஒரு கோடு சில மில்லிமீட்டர் நீண்டாலும் துடிப்பு பிந்திவிடும். ஓட்டப்பந்தயத்தில் வெளிவட்டத்தில் ஓடுபவரை முன்தள்ளி நிறுத்துவதுபோல, இங்கே குட்டையான கோட்டை நெளித்து நீளத்தைச் சமன் செய்கிறார்கள்.

பாதைகளுக்கும் எண்ணிக்கை உண்டு. மேற்சொன்ன செயலியில் அதிவேக ஐந்தாம் தலைமுறைப் பாதைகள் 16 மட்டுமே. பதினாறையும் கிராபிக்ஸ் கார்டுக்குத் தரலாம். அதே தலைமுறைச் சேமிப்பகம் ஒன்றையும் பொருத்தினால் கார்டுக்கு எட்டுதான் மிஞ்சும். பலகையில் எத்தனை துளைவாய்கள் இருந்தாலும் செயலி தராத பாதையை அது படைக்க முடியாது.

ஒரு சிறு மின்தேக்கி

இந்த விலை உயர்ந்த பலகையே ஒரு பாடமும் கற்பித்தது. 2021 டிசம்பரில் சிலருடைய பலகைகள் நினைவகத்தின் அருகே புகைந்து கருகின. ஆர்வலர் ஒருவர் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தே காரணத்தை ஊகித்தார்: ஒரு மின்தேக்கி தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது! இவ்வகை மின்தேக்கிக்கு நேர்முனை, எதிர்முனை உண்டு. மாற்றி இணைத்தால் கெடும். நிறுவனமும் தவற்றை ஒப்புக்கொண்டு, அவ்வாண்டில் தயாரான பாதிக்கப்பட்ட பலகைகளை மாற்றித் தர முன்வந்தது. இருபது ஃபேஸும் அந்த ஒரு சிறு பொருளின் முன் உதவவில்லை. எனவே உத்தரவாதக் காலத்தையும், பழுதானால் எங்கே கொடுப்பது என்பதையும் கேட்டறிவது அவசியம்.

மாணவனுக்கு நான் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். உன் செயலி எத்தனை வாட் கேட்கும்? எத்தனை கார்டுகளும் சேமிப்பகங்களும் உண்மையில் பொருத்துவாய்? உன் அறையில் கோடை வெப்பம் எவ்வளவு? அவன் கணக்குப் போட்டு, நடுத்தரப் பலகையே போதும் என்று தானாகவே கண்டான். விளையாட்டில் படங்களின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்டும் செயலியுமே. மிஞ்சிய பணம் அங்கே போகட்டும் என்றான்.

நீங்களும் உங்கள் கணிப்பொறியில் உள்ள செயலியின் வாட் அளவைப் பார்த்து, அது எத்தனை ஆம்பியர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அதன்பின் எந்த விளம்பரத் தாளும் உங்களை மலைக்க வைக்காது.