இணையதளத்தில் கோப்பு ஏறவில்லையா? '777' அனுமதி தீர்வல்ல

ரேணிகுண்டா: கடந்த 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதி மாவட்டம் உதயமானபோது, அதுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ரேணிகுண்டா அதனுடன் இணைந்தது. ஊர் இடம் மாறவில்லை, நிர்வாகம் மாறியது. இணையதளத்தை ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதும் இத்தகைய நிலை ஏற்படுவதுண்டு. கோப்புகள் அப்படியே இருக்கும். அவற்றின் உரிமையாளர் கணக்கு மட்டும் மாறியிருக்கும். அதன்பின் அறிவிப்பையோ படத்தையோ பதிவேற்ற முயன்றால், கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்ற பிழைச்செய்தி தோன்றும்.

வேர்ட்பிரஸ், ஜூம்லா போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் பெரும்பாலும் லினக்ஸ் சர்வர்களில் இயங்குகின்றன. அங்கு படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு அல்லது கோப்புறைக்குள் நுழைவதற்கு 1 என அனுமதி கணக்கிடப்படுகிறது. மூன்று இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, பிறர் ஆகியோரைக் குறிக்கும். கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 என்பதே வழக்கமான அளவு.

அவசரத்தில் சிலர் 777 என அனைவருக்கும் திறந்துவிடுகின்றனர். அவ்வாறு செய்தால், அதே சர்வரிலுள்ள பிற கணக்குகளும் அக்கோப்புறையில் எழுத வழி ஏற்படும். தீங்கிழைக்கும் நிரலை அங்கு வைப்பதும் எளிதாகிவிடும்.

எனவே, பதிவேற்றக் கோப்புறையின் உரிமையாளரும் பிஎச்பி இயங்கும் பயனர் கணக்கும் ஒன்றுதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வேறுபட்டிருந்தால், அனுமதி எண்ணை உயர்த்தாமல் உரிமையாளரைத் திருத்துவதே முறை. அதன்பின்னும் கோப்பு ஏறாவிட்டால், சர்வரில் காலியிடம் உள்ளதா, கோப்பு பிஎச்பியின் அளவு வரம்பைத் தாண்டுகிறதா எனச் சோதிக்கலாம். மாற்றியமைக்காதவரை அந்த வரம்பு 2 எம்பி மட்டுமே. பதிவேற்றக் கோப்புறைக்குள் பிஎச்பி நிரல்கள் இயங்காதவாறு தடுத்து வைப்பதும் அவசியம்.