2,000 தேர் வைத்திருந்த ராஜா... ஆசைப்பட்டது ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு!

திண்டுக்கல் அருகே சிறுமலை அடிவாரத்தில், வெள்ளோடு, ஜாதிகவுண்டன்பட்டி பக்கம் போனால் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் படரவிட்ட பன்னீர் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கலாம். கீரை மாதிரி விதைத்த மாதமே பறிக்கிற பயிர் இல்லை இது. கொடி நட்டு, பந்தலேற்றி, கவாத்து செய்து, முதல் குலையைப் பார்க்கவே ஓராண்டுக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தை வாங்கிக் காய்கறி போட ஆசைப்பட்டார் ஒரு ராஜா. பெயர் ஆகாபு. கதை, பைபிளில் 1 அரசர்கள் நூலின் 21-ம் அதிகாரம்.

கத்தோலிக்க ஆலயங்களில் இரட்டைப்படை ஆண்டுகளில், ஜூன் நடுவில் வாரநாள் திருப்பலியில் இதை வாசிப்பார்கள். தோட்டம் வைத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாத கதை.

ஆகாபு, கி.மு. 9-ம் நூற்றாண்டில் இஸ்ரயேலை ஆண்டவர். கற்பனை ஆள் இல்லை. துருக்கியின் குர்க் என்ற இடத்தில் 1861-ல் கிடைத்த அசீரியக் கல்வெட்டு இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கி.மு. 853-ல் நடந்த கர்கார் போரில் ஆகாபு 2,000 தேர்கள், 10,000 வீரர்களோடு நின்றதாக அது சொல்கிறது. கணக்கு மிகை என்பார்கள் சில ஆய்வாளர்கள். இருக்கட்டும். பைபிளோ இந்தப் போரைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு தோட்டத் தகராறுக்கு ஒரு முழு அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது.

அரண்மனையை ஒட்டி நாபோத்து என்பவரின் திராட்சைத் தோட்டம். ஆகாபு முதலில் முறையாகத்தான் கேட்டார். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் விலை தருகிறேன் என்றார். மூதாதையர் சொத்து, தர முடியாது என்றார் நாபோத்து. நிலம் கடவுளுக்குச் சொந்தம், அதை நிரந்தரமாக விற்கக் கூடாது என்பது லேவியர் நூலின் சட்டம். ராஜா கோபித்துக்கொண்டு, சாப்பிடாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்!

பிறகு நடந்ததுதான் கொடுமை. ராணி ஈசபேல் (பழைய மொழிபெயர்ப்பில் யேசபேல்) ராஜா பெயரில் கடிதம் எழுதி, அவர் முத்திரையைக் குத்தி, ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினார். ஊர் கூடியது. நோன்பு அறிவித்தார்கள். சட்டப்படி இரண்டு சாட்சிகள். கடவுளையும் ராஜாவையும் பழித்தான் என்று பொய் சொன்னார்கள். நாபோத்தைக் கல்லால் எறிந்து கொன்றார்கள். இன்றைய பேச்சில் சொன்னால், பேப்பர் எல்லாம் பக்கா.

ஈசபேலைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். உறுத்த வேண்டியவர்கள் அந்தப் பெரியவர்கள். கடிதத்தைப் படித்த ஒருவர்கூட மறுத்ததாகக் கதையில் இல்லை. பத்திரம், பட்டா, சாட்சிக் கையெழுத்து என்று அலைந்தவர்களுக்கு இவர்கள் புது முகங்கள் அல்ல.

தோட்டத்தைக் கையகப்படுத்தப் போன ராஜாவை அங்கேயே மறித்தவர் எலியா இறைவாக்கினர். கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று நேருக்கு நேர் கேட்டார். ஆகாபு சாக்கு உடுத்தி நோன்பிருந்தார். அதனால் தண்டனை அவர் மகன் காலத்துக்குத் தள்ளிப்போனது. தோட்டம் திருப்பித் தரப்பட்டதாக மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

திருப்பித் தரவும் ஆள் இல்லை. அடுத்த நூலான 2 அரசர்கள், 9-ம் அதிகாரத்தில் அந்தத் தகவல் வருகிறது. ஆகாபின் மகன் யோராமைக் கொன்று, உடலை நாபோத்தின் நிலத்திலேயே எறியச் சொல்கிறார் ஏகூ. அப்போதுதான், நாபோத்தின் பிள்ளைகளும் சேர்த்தே கொல்லப்பட்டிருந்தார்கள் என்பது தெரிய வருகிறது.