மலையோரச் சட்டங்கள் – 17: பெட்டியோடு கப்பலேறிய துரை

போன வாரம் முகவரி இல்லாத லயத்தில் விட்டேன். ஒரே கடிதம் மூன்று வீடு சுற்றி வந்த கதை மறந்தவர்கள் பழைய இதழைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரம் தோட்டத்து மயானத்துக்கு என்ன சட்டக் காவல் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு துரை குறுக்கே வந்துவிட்டார்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 292ஆம் பிரிவு. ஒருவரின் மனதைப் புண்படுத்தவோ மதத்தை அவமதிக்கவோ எண்ணி, அல்லது புண்படும் என்று தெரிந்தே, இடுகாட்டில் அத்துமீறினாலும், பிணத்தை அவமரியாதை செய்தாலும், இழவுச் சடங்குக்குக் கூடியவர்களைக் குழப்பினாலும் குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். கோவை 1883இல் வந்தது. இந்தியாவின் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அங்கே இது 297ஆம் பிரிவு. 2024 ஜூலையில் பெயர் மாறிய புதிய சட்டத்தில் 301.

அந்த இந்தியச் சட்டத்தின் முதல் வரைவு 1837இல் முடிந்தது. மெக்காலே தலைமையில் ஒரு சட்ட ஆணைக்குழு எழுதியது. அதில் யார் யார் இருந்தார்கள் என்று சும்மா பார்த்தேன். சார்ள்ஸ் ஹே கமரன்!

கோல்புறூக் – கமரன் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே மூச்சில் மனனம் செய்தோமே, அதே கமரன்தான். இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் சொன்ன ஆணைக்குழுவின் பாதி. இரட்டைப் பெயராகவே படித்ததால் அந்த மனிதருக்குத் தனியாக ஒரு வாழ்வும் சாவும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கல்லறைகளைக் காக்கும் சட்டத்தில் கை வைத்தவரின் கல்லறை எங்கே இருக்கிறது தெரியுமா? பொகவந்தலாவையில். சென் மேரிஸ் தேவாலயத்து வளவில், சுற்றிலும் தேயிலை.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. விடியற்காலை இறம்பொடைச் சந்தியில் பஸ் ஏறி, நுவரெலியாவில் மாறி, ஹட்டனில் மாறி, நோர்வூட் தாண்டிப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. தேவாலய வளவில் மழை தூறிக்கொண்டிருந்தது. புருஷனும் பெண்சாதியும் ஒரே இடத்தில் படுத்திருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்திச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

பெண்சாதி சாமானியப்பட்டவர் அல்ல. ஜூலியா மார்கரெட் கமரன், 48 வயதில் கையில் கிடைத்த கேமராவால் உலகப் புகழ் பெற்றவர், கல்கத்தாவில் பிறந்தவர். 1875இல் இங்கிலாந்தை விட்டு இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். இங்கே அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. வரும்போது பாலுக்கு ஒரு பசுமாட்டைக் கப்பலில் ஏற்றினார்கள். கூடவே இரண்டு சவப்பெட்டி. இலங்கையில் நல்ல பெட்டி கிடைக்காது என்ற பயமாம். வெறும் பெட்டியாகக் கொண்டுவருவானேன் என்று உள்ளே பீங்கானும் கண்ணாடிச் சாமானும் அடுக்கியிருந்தார்கள்! என் தாத்தா செத்த அன்று லயத்து வாசலில் தச்சர் பெட்டி அறைந்தது ஞாபகம் வந்தது. பெட்டி முடியும்வரை பிணம் காத்திருந்தது. இங்கே பெட்டி மூன்று வருடத்துக்கு மேல் காத்திருக்கிறது. 1879 ஜனவரியில் அந்த அம்மா டிக்கோயாப் பக்கம் கிளன்கேன் தோட்டத்தில் இறந்தார். மாட்டு வண்டியில் மலை தாண்டிக் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். அடுத்த வருடம் மே மாதம் துரையும் போய்விட்டார். அவர் கை பட்ட வாசகம் கடல் தாண்டி இலங்கைச் சட்டமாவதற்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

பசுமாடு என்ன ஆனது என்று ஆசிரியர் கேட்கிறார். நான் சட்டத்துக்குத் திரும்புகிறேன்.

அந்தப் பிரிவைத் திரும்பப் படியுங்கள். செத்தவருக்கு அதில் பங்கே கிடையாது. புண்படுவதற்கு உயிரோடு ஒருவர் வேண்டும். புண்படுத்தியவருக்கு எண்ணமோ அறிவோ இருந்திருக்க வேண்டும். கல் நட்டு, பெயர் வெட்டி, வளவுக்குள் கிடக்கும் கமரன் துரையின் குழியில் யாராவது மண்வெட்டி வைத்தால் 'தெரியாது' என்று சொல்ல வாயில்லை. எங்கள் குழிகளுக்கு ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு குரோட்டன் கொப்பு. இரண்டு மழைக்காலம் போனால் மேடு தரையோடு தரை. கொப்பு பிடித்தால் உண்டு.

சில வருடத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் பாதை அகலிக்கப் பெக்கோ வந்தது. மயானத்து ஓரம் போய்விட்டது. என் அப்பாயி படுத்திருந்த பக்கம் அது. ஆபீசில் கேட்டேன். "இங்க குழி இருந்தது யாருக்குங்க தெரியும்?" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அன்று கோபம் வந்தது. இன்று 292ஐப் படித்த பிறகு, அது எவ்வளவு சரியான எதிர்வாதம் என்று புரிகிறது.

நிலமும் எங்களுடையதல்ல. அரசின் காணி, 1992க்குப் பிறகு கம்பெனிகளின் நீண்ட குத்தகையில். லயமும் மயானமும் அதற்குள்ளே. பிரதேச சபையாவது வேலி போடுமா என்றால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க இடம் தரவில்லை. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது வருடம் எங்கள் ஓட்டில் தவிசாளரானவர்கள் எங்கள் சுடுகாட்டுக்கு ஒரு முள்ளுக்கம்பி வாங்க முடியாமல் இருந்தார்கள். வாங்க மனமிருந்ததா என்பது வேறு கதை.

குழியைத் தோண்டவும் சட்டம் உண்டு. சந்தேகச் சாவென்றால் நீதவான் கட்டளையிட வேண்டும். யாழ்ப்பாணம் செம்மணியில் 2025 பெப்ரவரியில், சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அதன்பின் நீதிமன்ற மேற்பார்வையில் தூரிகையால் மண் தள்ளி, ஒவ்வொன்றாக இலக்கமிட்டு, இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். அதைப் பற்றி நாலு வரியில் எழுதுவது பாவம். அது தனி வாரம்.

பொகவந்தலாவையிலிருந்து திரும்பிய மறுநாள் எங்கள் மேல் டிவிஷனுக்கு ஏறினேன். அங்கே பென்ஷன் எடுத்த ஒரு அத்தை இருக்கிறார். புருஷனை அடக்கம் செய்த இடம் காட்டுங்கள் என்றேன். மயானத்தின் அந்த மூலையில் இப்போது தேயிலை. கையில் வெற்றிலையோடு கான் ஓரத்தில் நின்று, விரலால் செடி செடியாக எண்ணினார்.

"கான்லருந்து ஏழாவது செடி தம்பி. அதுக்கு நேரா கீழ ரெண்டு. கொழுந்தெடுக்கிற காலத்துல அந்தச் செடிய மட்டும் நான் மொதல்ல எடுத்துருவேன். வேற ஆளு கை வைக்க வேணாம்னு."

"கங்காணிக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும். நெற பாதியா விட்டுட்டு அங்க ஓடுறேன்னு ஏசுவாரு."

எழுதிக்கொண்டேன். கங்காணிக்குத் தெரியும். 292க்கு வேண்டிய அறிவு இதுதானே?

ஒரு தோட்டத்து மயானத்தை முறையாகப் பதிவு செய்ய வழி இருக்கிறதா என்பதற்கு 1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மயானக் கட்டளைச் சட்டத்தைப் புரட்ட வேண்டும். இந்த வாரம் புரட்டுவதாகத்தான் இருந்தேன். பக்கம் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார். அடுத்த வாரம் கட்டாயம். கூடவே 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவில் லயத்தோடு மண்ணுக்குள் போய், தேடியும் கிடைக்காதவர்கள். அந்த மலைச்சரிவு சட்டப்படி என்ன, நிலமா, இடுகாடா?

(தொடரும்)