சிப்பிப்பாறைக்கு ஃபிளாட் போதுமா?

ஃபிளாட்டில் நாய் வளர்க்க ஆசைப்படும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது எவ்வளவு பெருசா வளரும்?" என்பதாகத்தான் இருக்கும். சின்ன உருவம் என்றால் அடுக்குமாடிக்கு ஒத்துவரும், பெரிய உருவம் என்றால் தோட்டத்தோடு தனி வீடு வேண்டும் என்று நாமே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கை நம்பித்தான் நகரத்து அடுக்குமாடிகளுக்குள் பீகிள் குட்டிகள் வந்து சேர்கின்றன. நம் நாட்டு நாய் இனங்களான சிப்பிப்பாறையையும் கன்னியையும் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் காட்டுல ஓடுற நாய், ஃபிளாட்டுக்கு ஆகாது" என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. வேட்டை நாய்களைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு ஏறக்குறையத் தலைகீழானது. வீட்டின் சதுர அடியும் நாயின் உயரமும் இரண்டாம்பட்சம்தான். அந்த இனத்தை மனிதர்கள் எந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

வேட்டை நாய்களில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. ஒன்று கண்ணை நம்பி ஓடுவது, மற்றது மூக்கை நம்பிப் போவது. சிப்பிப்பாறையும் கன்னியும் முதல் வகை. சாத்தூர், கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் காடு மாதிரி மறைப்பில்லாத வெட்டவெளியில், தூரத்தில் எழும்பி ஓடும் முயலைப் பார்த்த நொடியில் பாய்ந்து, சில நிமிடங்களுக்குள் விரட்டிப் பிடிப்பது அவற்றின் தொழிலாக இருந்தது. (முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், தொழில் போய்விட்டது, உடம்பு மட்டும் அப்படியே இருக்கிறது.) அந்த ஓட்டத்தில் குரைத்துக்கொண்டிருக்க மூச்சுக்கு நேரமில்லை. வேகம் உச்சத்துக்குப் போகும், உடனே அடங்கும், அதன்பின் நீண்ட ஓய்வு. மூக்கை நம்பும் இனங்களுக்குக் கதையே வேறு. முயல் போன தடத்தை மண்ணில் மோந்து மோந்து மணிக்கணக்கில் கூட்டமாகத் தொடர வேண்டும். பின்னால் வரும் வேட்டைக்காரருக்குத் தாங்கள் இருக்கும் இடம் தெரியும்படி உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். இங்கிலாந்தில் பீகிளை வளர்த்தெடுத்தது இதற்காகத்தான்.

இப்போது அந்தப் பீகிளை மூன்றாவது மாடியில் வைத்துப் பாருங்கள். ஓரடிக்குக் கொஞ்சம் மேல் உயரம், பத்துப் பன்னிரண்டு கிலோ எடை, குழந்தை முகம். ஃபிளாட்டுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் அந்த மூக்கு எப்பேர்ப்பட்டது என்பதற்கு, அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் பழத்தையும் இறைச்சியையும் மோப்பம் பிடிக்க 1984 முதல் பீகிள்களைத்தான் வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்பதே சான்று. அந்த மூக்குக்கு வேலை இல்லாவிட்டால் அது தானாகவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்: குப்பைக்கூடை, செருப்பு அலமாரி, எதிர் ஃபிளாட்டில் மீன் வறுக்கும் வாசனை. கூட்டத்தில் வாழப் பழகிய இனம் என்பதால் தனிமை அதற்கு ஆகாது. கணவனும் மனைவியும் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால், பின்னால் கேட்பது சாதாரணக் குரைப்பு அல்ல. தொண்டையிலிருந்து இழுத்து எழும் ஊளை. காட்டில் அரை மைலுக்கு அப்பால் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று வளர்த்த குரல் அது. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே இருப்பதோ ஒரே ஒரு செங்கல் சுவர்.

கண்ணை நம்பும் இனத்தின் ஓய்வு குணத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு கிரேஹவுண்டு. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய நாய் அது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகளை ஏராளமான குடும்பங்கள் தத்தெடுத்து, சிறிய வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வளர்த்து வருகின்றன. பகலின் பெரும்பகுதியைச் சோபாவில் தூங்கியே கழிக்கும் நாய் என்பது அங்கே அதற்குள்ள பெயர். சிப்பிப்பாறை அப்படியே கிரேஹவுண்டு ஆகிவிடாது என்று சொல்வோர் உண்டு. அது நியாயமான மறுப்புதான். கிரேஹவுண்டுகள் பிறந்ததிலிருந்து பல மனிதர் கைபட்டு, மற்ற நாய்களோடு கொட்டகைகளில் வளர்ந்தவை. சிப்பிப்பாறை ஒரு வீட்டுக்கும் ஓரிருவருக்கும் கட்டுப்பட்டு, அந்நியரைக் கண்டால் விலகி நிற்கும் சுபாவம் கொண்டது. தினமும் புதுமுகங்கள் ஏறி இறங்கும் லிஃப்டும் வாசலில் மணியடிக்கும் டெலிவரி பையனும் அதற்குச் சோதனைதான். ஆனால் இது சிறுவயதிலேயே பழக்கினால் பெருமளவு சரியாகிற சங்கதி. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம்வரை குட்டியின் மனம் புதியதை எளிதில் ஏற்கும். அந்த நாட்களில் ஆட்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் பார்த்து வளர்ந்த குட்டிக்கும், நான்கு மாதம் தோப்பில் கட்டிக்கிடந்து வந்த குட்டிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். பீகிளின் ஊளையையும் இப்படிப் பழக்கிவிடலாமே என்று கேட்கலாம். ஓரளவு குறைக்கலாம். பயம் அனுபவத்தால் தெளியும். ஊளை அதன் ரத்தத்தில் இருப்பது.

"ஓடப் பிறந்த நாயை நாலு சுவருக்குள் அடைப்பது பாவமில்லையா?" என்பதுதான் இருப்பதிலேயே கனமான கேள்வி. ஓடவே விடாவிட்டால் பாவம்தான். காலையும் மாலையும் சங்கிலியில் நடத்திக் கூட்டிப்போவது மட்டும் இந்த இனத்துக்குப் போதாது. வாரத்தில் சில நாட்களாவது, சுற்றுச்சுவரோ கம்பிவேலியோ உள்ள இடத்தில் அவிழ்த்துவிட்டுப் பத்து நிமிடம் தலைதெறிக்க ஓட விட வேண்டும். தெருவிலோ திறந்த மைதானத்திலோ அவிழ்த்துவிடவே கூடாது. ஒரு பூனை குறுக்கே ஓடினால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது, எதிரே வரும் லாரியும் கண்ணில் படாது. இந்த நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்து அதைவிடத் தடிமன் என்பதால், சாதாரண பெல்ட் பின்பக்கம் இழுத்தால் காதுவழியே உருவிக்கொண்டு வந்துவிடும். இழுக்கும்போது இறுகுகிற பெல்ட்டோ மார்போடு சேர்த்துப் போடும் பட்டையோ அவசியம். கொழுப்பில்லாத உடம்பு என்பதால் டைல்ஸ் தரையில் படுத்துப் படுத்து முழங்கை தேய்ந்து காய்த்துப்போகும். ஒரு பழைய மெத்தை அதற்கென்றே வேண்டும். பால்கனி கைப்பிடிச் சுவர் அதற்கு ஒரு தாவல் தூரம், வலை அடிக்காமல் விடாதீர்கள். விலா எலும்பு லேசாகத் தெரிவது அதன் இயல்பு. "சோறு போடறதில்லையா?" என்று கீழ்வீட்டு மாமி கேட்டாலும் பதறி அதிகம் ஊட்ட வேண்டாம்.

இதற்காக நாட்டு நாய் எல்லாமே ஃபிளாட்டுக்கு ஏற்றவை என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லி, நாய் வளர்க்க நினைப்பவர்கள் இந்திய இனங்களை வளர்க்கச் சொன்னார். நல்ல வார்த்தை. ஆனால் அந்த நான்கும் ஒரே குணம் இல்லை. 2005-இல் அஞ்சல் தலையிலேயே இடம்பெற்ற ராஜபாளையம், வேட்டைக்குப் போனாலும் காவலுக்குத்தான் பெயர் போனது. கோம்பையும் காவல் நாய்தான். எல்லையைக் காக்கப் பிறந்த நாய்க்குப் பொது நடையும் பொதுப் படிக்கட்டும் தன் எல்லையாகவே தெரியும். வெள்ளை ராஜபாளையங்களில் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் உண்டு; கேட்காத நாய் திடீரென்று தொடப்பட்டால் மிரண்டு கடித்துவிடலாம். இனத்தைக் காப்பாற்றும் ஆர்வம் பெரியதுதான். ஆனால் பொருந்தாத வீட்டில் சேர்த்து ஆறே மாதத்தில் யாருக்காவது தள்ளிவிடப்படும் நாயால் இனம் பிழைக்காது.

அக்கம்பக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் செல்லப்பிராணிகளைத் தடுக்க முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சண்டையில் ஜெயிக்கலாம், ஆனால் இரவு முழுக்க ஊளை கேட்டவருக்கு அது தூக்கத்தைத் திருப்பித் தராது. ஆகவே என் தீர்ப்பு இது: பகலில் வீட்டில் ஆள் இருந்து, அருகில் வேலியிட்ட ஓட்ட இடமும் இருந்தால், சிப்பிப்பாறையோ கன்னியோ ஃபிளாட்டில் நன்றாகவே வாழும், அதே வீட்டில் பீகிளுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பொறுமையும் வேண்டியிருக்கும். பகல் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம். குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஓட்ட இடத்தைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்கவில்லையென்றால் குட்டியையும் வாங்காதீர்கள்.